"ஆனால்" என்றொரு சொல்



காவிரியின் அக்கரையில் ஸ்ரீரங்கம் கோயில். இக்கரையில் நத்ஹர் வலி தர்கா. திருச்சிக் கோட்டைப் பகுதியில், சுவார்ட்ஸ் பாதிரியார் 1766இல் எழுப்பிய புராட்டஸ்டண்டு தேவாலயம். அது எழுந்தபோது இவ்வூர் நவாப் வாலாஜா முஹம்மது அலியின் ஆளுகையில் இருந்தது. மூன்றும் இன்றும் நிற்கின்றன. ஆள்பவர் ஒரு மதம், குடிகள் வேறு மதம் என்றால் மோதல்தான் என்போருக்கு நம்மூரே பதில்!

அப்படியானால் மோதல் எங்கே பிறக்கிறது? திருவிதாங்கூர் சமஸ்தானத்தைப் பாருங்கள். இன்றைய குமரி மாவட்டத்து மைலாடியில் 1806இல் ரிங்கல்தௌபே பாதிரியார் பணி தொடங்கினார். நாடார் மக்கள் பலர் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவத்தைத் தழுவினர். அவர்களுடைய ஜெபமா மேல்சாதியினரை உறுத்தியது? இல்லை! தலைவரி கட்டி, கூலியின்றி ஊழியம் செய்து, மேலாடை மறுக்கப்பட்டுக் கிடந்தவர்கள் பள்ளிக்கூடம் சென்று நிமிர்ந்தார்களே, அதுதான் உறுத்தியது.

1814இல் கர்னல் மன்றோவின் ஆணை, கிறிஸ்தவரான நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்றது. எத்தகைய குப்பாயம்? சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் நம் மாப்பிள்ளைப் பெண்களும் அணிவது போன்றது! ஆனால் அப்பெண்கள் தோள்சீலையும் போட்டபோது கலவரம் மூண்டது. சந்தைகளில் பெண்களின் சீலை கிழிக்கப்பட்டது. 1829இல் ராணி கௌரி பார்வதி பாயின் பிரகடனம் குப்பாயத்தை அனுமதித்து, தோள்சீலையைத் தடுத்தது.

1858-59இல் மீண்டும் கலவரம். ஜெபக்கூடங்களும் பள்ளிகளும் எரிந்தன. சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்க, 1859 ஜூலை 26இல் மன்னர் உத்திரம் திருநாள் பிரகடனம் செய்தார்: எம்மதத்து நாடார் பெண்ணும் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல அல்ல!

இளைஞர்களே, அந்த "ஆனால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். உடுத்திக்கொள், ஆனால் எங்களைப் போல உடுத்தாதே என்பது உரிமையா? அது பிச்சை! 2022இல் கர்நாடகக் கல்லூரி வாசலில் நம் பெண்பிள்ளைகள் கேட்டதும் இந்த "ஆனால்"தான். படிக்கலாம், ஆனால் முக்காடு கூடாது! அவ்வழக்கில் அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளே இரு வேறு தீர்ப்பு தந்தார்கள்.

வணிகப் பெருமக்களே, அன்று சீலை கிழிக்கப்பட்டது கடைவீதியில். கண்முன் அக்கிரமம் நடக்கையில் ஷட்டரை இறக்கிவிட்டு ஒதுங்குவது வியாபார சாமர்த்தியம் ஆகாது. இன்று அவள், நாளை நம் வீட்டுப் பெண்!

இன்னொன்றையும் மறவாதீர்கள். 1814இல் கிறிஸ்தவப் பெண்களுக்கு மட்டும் கிடைத்தது, 1859இல் இந்து நாடார் பெண்களுக்கும் கிடைத்தது. ஒரு சிறுபான்மை அடிபட்டுத் திறந்த கதவு வழியே மற்றவர்களும் நுழைந்தார்கள். எனவே நமக்கு மட்டும் சலுகை கேட்காதீர்கள். எல்லோருக்கும் உரிமை கேளுங்கள். "ஆனால்" ஒட்டிய உரிமை நமக்கும் வேண்டாம், எவருக்கும் வேண்டாம்!