பயிற்சி யாரைப் பிடிக்க?

கம்ப்யூட்டர் வழியே நடக்கும் கொள்ளையைப் பிடிக்க, பல தேசத்துப் போலீஸாரையும் சர்க்கார் வக்கீல்களையும் ஒன்றாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஐரோப்பியக் கவுன்சில் இதற்கென்றே 2014-ல் ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் ஓர் அலுவலகம் திறந்தது.

பயிற்சி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. மில் தொழிலாளி போனஸ் பணத்தை பாங்கில் போட்டு வைக்கிறார். "போலீஸ் பேசுகிறோம், உன் பேரில் கேஸ் இருக்கிறது" என்று போனில் ஒரு மிரட்டல், பணம் பறந்துவிடுகிறது. திருடன் ஒரு நாட்டில், பணம் நாலைந்து கணக்குகள் தாண்டி வேறொரு நாட்டில். ஒரு சர்க்கார் இன்னொரு சர்க்காருக்கு முறைப்படி எழுதிப் பதில் வர மாதக்கணக்காகும். அதற்குள் தடயம் அழிந்துவிடும். இதனால்தான் 2001-ல் கையெழுத்தான புடாபெஸ்ட் ஒப்பந்தம், 24 மணி நேரமும் தொடர்பு கொள்ள அதிகாரி இருக்க வேண்டுமென்கிறது. இலங்கை 2015-ல் அதில் சேர்ந்தது, இந்தியா சேரவில்லை. வக்கீலும் கூடவே கற்பது அவசியம். கைப்பற்றிய போனைப் போலீஸ் கண்டபடி நோண்டினால் கோர்ட்டில் கேஸ் நிற்காது.

ஆனால் அகப்படுவது யார்? மியன்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இந்த மோசடி வேலையில் பலவந்தமாக அடைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-ல் அறிவித்தது. வேலை என்று ஏஜெண்டு ஆசை காட்டினான்; போனதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி அடித்தார்கள். 2022 அக்டோபரில் மியன்மரிலிருந்து மீண்டு சென்னை வந்த 13 பேரும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். இவர்களா திருடர்கள்? கூலிக்கு அடைபட்டவனைக் கூண்டில் ஏற்றிவிட்டு, கட்டடம் கட்டி லாபம் தின்றவனை விட்டுவிடுவதற்கு சர்வதேசப் பயிற்சி எதற்கு?

இன்னொரு அபாயமும் உண்டு. 2024 டிசம்பரில் ஐ.நா. சபை ஏற்ற புதிய ஒப்பந்தம், நான்கு வருஷமோ மேலோ தண்டனைக்குரிய குற்றங்களுக்கெல்லாம் தடயம் பகிரச் சொல்கிறது. எது குற்றம் என்பதை அந்தந்த சர்க்கார் எழுதும்! நம் நாட்டு அனுபவம் என்ன? கருத்துச் சொன்னவர்களை உள்ளே தள்ளிய 66-ஏ பிரிவை சுப்ரீம் கோர்ட் 2015-ல் ரத்து செய்தது. அதன் பிறகும் அதே பிரிவில் கேஸ் போட்டுக் கொண்டிருந்தார்கள். 2022-ல் கோர்ட் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. ரத்தான சட்டத்தை மறக்கவும் போலீஸுக்குப் பயிற்சி கொடுங்கள் என்கிறோம்.

தப்பி வந்தவனைச் சாட்சியாக நடத்துவது எப்படி, ஆள் பிடித்த ஏஜெண்டையும் கணக்கு வாடகைக்கு வாங்கியவனையும் தொடர்வது எப்படி என்பதெல்லாம் பாடத்தில் வரட்டும். பணம் பறிபோன தோழர்கள் நாள் கடத்தாமல், அந்த மணியிலேயே 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் கைமாறுமுன் கணக்கை முடக்க அதுவே வழி.