அந்தப் புன்னகைக்கு ஒரு மறுமொழி

பி.பி.சி. செய்தி வாசிப்பாளர் ஜார்ஜ் அழகையா 2023 ஜூலை 24 அன்று மறைந்தபோது, என் காதில் விழுந்த இரங்கற் சொற்கள் பெரும்பாலும் ‘நம்மவர்’ என்னும் ஒரு சொல்லைச் சுற்றியே அமைந்திருந்தன. 1955இல் கொழும்பில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர், 1961இல் பெற்றோருடன் கானாவுக்குச் சென்றவர், இங்கிலாந்தில் பயின்றவர், 2003 முதல் பி.பி.சி.யின் ஆறு மணிச் செய்தியை வழங்கியவர். பெருமைப்பட இவை போதும்தான். ஆனால் ஒருவரை நம்மவர் என்று கொண்டாடிவிட்டு அவர் எழுதியதைப் படிக்காமலிருப்பது நமக்குப் பழகிப்போன வசதி. அவ்வசதியைச் சற்றே கலைப்பதற்காக இதனை எழுதுகிறேன்.

அழகையா மேசைக்குப் பின்னால் அமர்ந்தது பிற்காலத்தில். 1989இல் பி.பி.சி.யில் சேர்ந்த அவர், முதலில் வளரும் நாடுகளின் செய்தியாளராகவும் பின்னர் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஆப்பிரிக்கச் செய்தியாளராகவும் அலைந்தவர். புருண்டி உள்நாட்டுப் போரைப் பற்றிய செய்திகளுக்காக ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலின் விருதை 1994இல் பெற்றார். அந்த ஆண்டுகளின் அனுபவங்களைச் சொல்வதே ‘எ பாசேஜ் டு ஆப்பிரிக்கா’ என்னும் அவருடைய 2001ஆம் ஆண்டு நூல்.

அந்நூலில் சோமாலியப் பஞ்சத்தை விவரிக்கும் ஒரு பகுதி பிரிட்டிஷ் பாடத் தொகுப்பொன்றிலும் இடம்பெற்றுள்ளது. 1991ஆம் ஆண்டின் இறுதிக்கும் 1992 டிசம்பருக்கும் இடைப்பட்ட காலம். மேலும் மேலும் அதிர்ச்சி தரும் காட்சிகளைத் தேடிச் செய்தியாளர்கள் குடிசை குடிசையாகச் செல்கிறார்கள். நேற்று நெஞ்சை உலுக்கியது இன்று போதாமற் போகிறது. இந்தப் பசியை அழகையா போதைக்கு ஒப்பிடுகிறார், தம்மையும் விலக்கிக்கொள்ளாமல். அப்போது ஒரு முகம் அவரைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு மறைகிறது. அதன் பொருளை மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டறிகிறார்: தான் இந்த நிலையில் காணப்படுவதற்காக அம்மனிதர் கூசியிருக்கிறார்.

இந்தப் பகுதியை வகுப்பில் எடுத்துச் சொன்னபோது, திருக்குறளின் நாணுடைமை அதிகாரத்தை மனப்பாடமாகச் சொல்லவல்ல மாணவி ஒருத்தி நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, “ஐயா, கூசியிருக்க வேண்டியவர் அவரில்லையே?” என்றாள். அழகையாவும் அந்த இடத்திற்கே வந்து சேர்கிறார். பார்ப்பவன், பார்க்கப்படுபவன் என்ற உறவையே அந்தப் புன்னகை தலைகீழாக்கிவிட்டது என்கிறார். அம்மனிதரின் பெயரைக் கேட்டறியாமற் போனது அவருக்குத் தீராத உறுத்தல்.

அவருடைய பிற்காலப் பொதுப்பணிகளை இந்த உறுத்தலிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் இயலவில்லை. 2002 முதல் ஃபேர்டிரேட் பவுண்டேஷனின் புரவலராக இருந்தார். ஏழை நாடுகளில் காப்பியும் கொக்கோவும் விளைவிப்போர்க்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும் என்பது அவ்வமைப்பின் நோக்கம். வள்ளுவர் ஒப்புரவறிதலை ஈகைக்கு முன் வைத்தது தற்செயல் என்று நான் கருதவில்லை. ஈகையில் கொடுப்பவன் கை மேலே இருக்கிறது, வாங்குபவன் கூசவேண்டியிருக்கிறது. உழைப்புக்குரிய விலையை வாங்குபவனுக்கு அந்தக் கூச்சம் இல்லை.

2009இல் பி.பி.சி. நிர்வாகம் இதனைத் தொழில்சார் முரண்பாடு எனக் கூறி அவரைப் பதவி விலக வைத்தது. நிர்வாகத்தின் தரப்பிலும் நியாயம் உண்டு. வணிகக் கொள்கை என்பது விவாதத்திற்குரியது. அதைப் பற்றிய செய்தியை வாசிப்பவர் ஒரு தரப்பின் புரவலராக இருப்பது நெருடல்தான். எனினும் வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட ஒரு பற்றைவிட, ஒளித்து வைக்கப்பட்ட பற்றே செய்திக்குக் கேடு விளைவிக்கும் என்பது என் எண்ணம். நம் தொலைக்காட்சிகளை நாள்தோறும் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பசியை நேரில் கண்டுவந்தவனை நடுநிலையின் பெயரால் வாய்மூடச் சொல்வது எனக்கு உடன்பாடன்று.

2014 ஏப்ரலில் அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் நான்காம் நிலையில் கண்டறியப்பட்டது. அப்போது வயது 58. ஸ்காட்லாந்தில் அந்நோய்க்கான முன்னறி சோதனை 50 வயதிலேயே தொடங்கியது. இங்கிலாந்தில் அப்போது 60 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி, இங்கிலாந்திலும் வயது வரம்பைக் குறைக்கக் கோரிய இயக்கத்திற்கு 2018இல் அவர் குரல் கொடுத்தார். அவ்வாண்டே அரசு கொள்கையளவில் இசைந்தது. 2021 முதல் வரம்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. பவெல் கேன்சர் யுகே என்னும் தொண்டமைப்புக்காக, 2020இல் நோயுற்றோருடனும் மருத்துவர்களுடனும் உரையாடி ஒலித்தொடர் ஒன்றையும் வழங்கினார்.

மலப் பரிசோதனை பற்றி யார்தான் பொதுவில் பேச விரும்புவார்கள்? அதைச் சொல்லக் கூசியே மருத்துவரிடம் பிந்திச் செல்வோர் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். மடிப்புக் கலையாத உடையில் உலகச் செய்தி சொன்ன மனிதர் தம் குடலைப் பற்றிப் பேசினார். பார்ப்பவராக வாழ்நாளைக் கழித்தவர், நலிந்த உடலோடு பார்க்கப்படுபவராக மாறியபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பெயர் தெரியாத அந்தச் சோமாலிய மனிதருக்கு அவர் செலுத்திய கடன் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்மவர் என்று சொல்வோர் சொல்லட்டும். அதற்கு முன் அந்தப் பக்கங்களை ஒருமுறை படித்துவிடட்டும்.