சுமை யார் தலையில்?

விமானக் கம்பெனிகளின் வாயில் ஒரு சொல் ஓயாமல் அடிபடுகிறது: ‘விதிகளின் சுமை’. பாதுகாப்பு விதிகளால் எவ்வளவு செலவு, எத்தனை விமானிகளைக் கூடுதலாக வைக்க வேண்டும், எத்தனை பயணங்கள் குறையும் என்று கணக்கிட்டு, அந்தச் சுமையை இறக்கிவிடுங்கள் என்று அரசிடம் கேட்கிறார்கள். சுமையைத் தலையிலும் தோளிலும் அறிந்தவர்கள் நாம். அவர்கள் கணக்கை நாமும் கொஞ்சம் பார்க்கலாமே.

2010 மே 22. துபாயிலிருந்து விடியற்காலையில் மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் மாண்டனர். பிழைத்தவர் எட்டே பேர். வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய நம்மைப் போன்றவர்கள் அதில் இருந்தனர். விசாரணையில் தெரிந்தது என்ன? தலைமை விமானி நடுவானில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உறங்கியிருக்கிறார். குறட்டைச் சத்தம் பதிவுக் கருவியில் இருந்தது. இறங்காமல் மேலே எழும்பிவிடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் அவர் கேட்கவில்லை. முக்கியத் தவறு அதுதான். அதற்குத் துணைபோனது தூக்கக் கலக்கம். இரவு ஷிப்டு பார்த்தவர்களுக்கு அந்தக் கலக்கத்தை விளக்கவா வேண்டும்?

2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் புதிய விதிகளை அறிவித்தது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம். இரவில் விமானத்தைத் தரையிறக்குவது ஆறு முறைக்குப் பதில் இரண்டே முறை. ஜூன் முதல் தேதி அமலாக வேண்டியது, கம்பெனிகளின் எதிர்ப்பில் தள்ளிப்போயிற்று. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்காடிய பிறகே 2025 ஜூலை, நவம்பர் என இரு தவணையாக நடைமுறைக்கு வந்தது.

ஏறக்குறைய இரண்டு ஆண்டு அவகாசம்! அப்படியிருந்தும் நாட்டின் மிகப் பெரிய கம்பெனியான இண்டிகோ போதிய ஆள் எடுக்கவில்லை. 2025 டிசம்பர் 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்கள் ரத்தாயின. உடனே அரசு என்ன செய்தது? இரவுப் பணி விதியிலிருந்து அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்களித்தது. விடுப்பை வார ஓய்வாகக் கணக்கிடக் கூடாது என்ற உத்தரவை எல்லாக் கம்பெனிகளுக்குமே திரும்பப் பெற்றது. 2026 ஜனவரியில் 22 கோடியே 20 லட்சம் ரூபாய் அபராதம் போட்டார்கள், உண்மைதான். ஆனால் ஆள் வைக்காதவன் கம்பெனி. தூக்கத்தை விட்டுக்கொடுத்தவர் விமானி.

இந்த அளவுகோல் நம் நாட்டுச் சரக்கு மட்டுமல்ல. அமெரிக்காவில் 2009இல் பஃபலோ அருகே 50 பேர் மாண்ட விபத்துக்குப் பின், 2011இல் விமானிகளின் ஓய்வு விதியைக் கடுமையாக்கினார்கள். சரக்கு விமானிகளை மட்டும் விட்டுவிட்டார்கள். செலவோடு ஒப்பிட்டால் ஆதாயம் போதாதாம்! சரக்கு விமானத்தில் இருப்பவர்கள் இரண்டு மூன்று பேர்தானே. ஏட்டில் அவர்கள் உயிர் இலேசாகத்தான் நிற்கும்.

வீண் காகித வேலையை ஒழிப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே தகவலை மூன்று படிவத்தில் கேட்டால் அதை ஒன்றாக்கட்டும். ஓய்வு நேரம் காகித வேலை அல்ல. மேற்பார்வை ஏற்கெனவே கனத்துவிட்டது என்பவர்களுக்கு 2025இல் நாடாளுமன்ற நிலைக்குழு சொன்னதை நினைவூட்டுகிறோம்: இயக்குநரகத்தில் கிட்டத்தட்டப் பாதி இடங்கள் காலி!

நாம் கேட்பது இவ்வளவுதான். விதியைத் தளர்த்துமுன் விமானிகள், விமானச் சிப்பந்திகள் சங்கங்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். தளர்த்திய நாட்களில் எத்தனை விமானிகள் சோர்வு என்று எழுதிக் கொடுத்தார்கள், அதில் எத்தனை ஏற்கப்பட்டன என்பதைக் கம்பெனி வாரியாக வெளியிட வேண்டும்.