பல்லைக் கெடுப்பது நமது பழக்கமா, பிரட்டு நேரமா?

தோட்டத்துச் சனத்தின் பல்லைப் பற்றிப் பேச இப்போது பலபேர் புறப்பட்டிருக்கிறார்கள். பதாகை கட்டுகிறார்கள். "சீனியைக் குறையுங்கள், வெற்றிலையை விடுங்கள், நேரத்துக்கு உறங்குங்கள்" என்று ஒலிவாங்கியில் சொல்லிவிட்டு, மதியத்துக்கு முன்னமே வாகனம் ஏறிப் போய்விடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் பிழையில்லை. ஆனால் விடியற்காலை நாலு மணிக்கே லயத்துக் காம்பராவில் ஏன் விளக்கு எரிகிறது என்று கேட்பாரில்லை. கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் லயத்தில் இல்லை, பங்களாவில் இருக்கிறார்.

அந்த விடிகாலைக் கோப்பையையே எடுத்துக்கொள்வோம். தேயிலை பல்லுக்கு எதிரி அல்ல. பல்லுக்கு உறுதி தரும் புளோரைட்டு கூட அதில் உண்டு. கெடுதல் அதில் போடும் சீனியில்தான். வாயிலுள்ள கிருமிகள் சீனியைத் தின்று அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கிறது. உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணித்தியாலமாவது வேண்டும். நம்மில் பலர் சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கியபடி சாயத்தைக் குடிப்பவர்கள். ஐந்து மணிக்கு ஒன்று, மலையில் போத்தலிலிருந்து ஒன்று, கொழுந்து நிறுத்து வந்ததும் ஒன்று, இராச் சோற்றுக்குப் பின் ஒன்று. வாய்க்கு ஓய்வே இல்லை. கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி என்றால் நாலு கோப்பைக்குப் பன்னிரண்டு. கிட்டத்தட்ட 50 கிராம். ஒரு நாளைக்கு இதற்குமேல் போகக்கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நமக்கோ தேத்தண்ணியிலேயே எல்லை முடிந்துவிடுகிறது.

இதைப் பழக்கம் என்கிறார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓடும் பெண்ணுக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் எங்கே? பிந்தினால் பேர் போய்விடும் என்ற பயத்தில் அவள் நின்றபடி விழுங்குவது தேத்தண்ணி அல்ல, அதுதான் அவளுடைய காலைச் சாப்பாடு. சீனியைக் குறை என்றால் அந்த இடத்தில் எதை வைப்பது என்றும் சொல்ல வேண்டும். நல்ல தேயிலை கப்பல் ஏறுகிறது, தூள் நமக்கு வருகிறது. அந்தத் தூளுக்குச் சீனி போடாமல் குடிக்கச் சொல்பவர் ஒருநாள் குடித்துப் பார்க்கட்டும்.

வெற்றிலையும் அப்படித்தான். குளிருக்கும் பசிக்கும் மலையில் கிடைக்கும் ஒரே துணை இடுப்பில் செருகிய வெற்றிலைப் பைதான். ஆனாலும் இதில் நாம் விட்டுக்கொடுத்துப் பேச முடியாது. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பாக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது 2004 ஆம் ஆண்டிலேயே சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் உறுதிசெய்த விடயம். இலங்கையில் ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. "புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று ஆறுதல்பட வேண்டாம். வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு கிழமையாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிவு, மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வைக்க முடியாதபடி வாய் இறுகுதல் – இவற்றில் ஒன்று இருந்தாலும் தோட்டத்து மருந்து வாங்கிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அரசாங்க வைத்தியசாலைப் பல் பிரிவுக்கு உடனே போக வேண்டும். ஆரம்பத்தில் கண்டால் காப்பாற்றலாம். மகரகமைக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் கடைசி நேரத்தில் போகிறார்கள் என்பது நம் லயங்களுக்குத் தெரியும்.

இப்போது புதிதாக இன்னொரு கூட்டம் தொலைபேசி வழியாக லயத்துக்குள் வந்திருக்கிறது. வெறும் வயிற்றில் எலுமிச்சைத் தண்ணி குடி, வினாகிரி குடி, உடம்பு சுத்தமாகும் என்கிறார்கள். உடம்பைச் சுத்தம் செய்ய ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. எலுமிச்சையின் புளிப்பு செய்வது பல்லின் மேற்பூச்சை இளக்குவதைத்தான். குடித்த கையோடு பல் துலக்கினால் இளகியது தேய்ந்தே போகும். பிள்ளை வளரும், படிப்பு ஏறும் என்று டப்பாவில் விற்கும் மால்ட் மாவும் வருகிறது. டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். எது அதிகமாகச் சேர்ந்திருக்கிறதோ அதையே முதலில் எழுத வேண்டும் என்பது விதி. சீனி எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று எண்ணுங்கள். அந்தக் காசுக்கு முட்டையும் பயறும் வாங்கலாம். இனிப்புப் போட்ட தேத்தண்ணியையோ மாவையோ போத்தலில் ஊற்றி, வாயில் வைத்தபடி பிள்ளையை உறங்கவைப்பது எல்லாவற்றிலும் கெட்டது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவு. விடியும்வரை சீனி பல்லிலேயே நிற்கும்.

பெரியவர்களின் உறக்கத்தைக் கெடுப்பதும் இதே கோப்பைதான். தேயிலையிலுள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் ஆகும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் கூட. இரவு எட்டு மணிக்குக் குடித்துவிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் கண் மூடும், உறக்கம் ஆழமாக வராது. நாலு மணிக்கு எழும்ப வேண்டும். அசதி தீர மறுபடி சாயம், மறுபடி சீனி. இடையில் பல்வலி வந்துவிட்டால் அந்த ஆறு மணித்தியாலமும் இல்லை. வலிக்கு இரண்டு பெனடோல், குழிக்குள் ஒரு துண்டு புகையிலை. இந்தச் செக்கைத் தாய்மார் வருடக்கணக்காகச் சுற்றுகிறார்கள். (மருத்துவமாது தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். சாயம் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள்.)

ஆகவே இரவுச் சோற்றுக்குப் பின் சாயம் வேண்டாம். படுக்குமுன் புளோரைட்டுப் பற்பசையால் துலக்கிவிட்டு அதற்குப்பின் தண்ணீர் மட்டும். சாம்பலும் கரியும் வேண்டாம். இவ்வளவும் நமது கையில் இருப்பவை. இவற்றை நாம் செய்வோம்.

கம்பனிகளின் கையில் இருப்பதை யார் செய்வது? மலசலகூடம் இல்லாத மலையில் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொண்டு தண்ணீரே குடிப்பதில்லை. காய்ந்த வாயில் பல் சீக்கிரம் கெடும். அரசாங்கத்தில் பல் பிடுங்குவது இலவசம் என்கிறார்கள். பஸ்காசும் போகும் ஒரு நாள் பேரும் இலவசமா? பல்லை அடைத்துக் காப்பாற்ற இரண்டு மூன்று முறை போக வேண்டும், பிடுங்க ஒரு முறை போதும். நம் சனம் ஏன் பிடுங்கிக்கொண்டே வருகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

மாதத்துக்கு ஒருமுறை தோட்டத்துக்கே பல் வைத்தியர் வரவேண்டும், அன்று வரிசையில் நிற்பவருக்கு முழுப் பேர் விழவேண்டும். மலையில் குடிதண்ணீரும் மலசலகூடமும் வேண்டும். பிரட்டுக்குப் பின் உட்கார்ந்து சாப்பிட, சம்பளம் வெட்டாத அரை மணித்தியாலம் வேண்டும். தோட்டக் கமிட்டித் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் அடுத்த கூட்டத்துக்கு முன் லயம் லயமாகப் போய், மூன்று விரல் வாய்க்குள் போகாதவர்களையும் வாய்ப்புண் ஆறாதவர்களையும் கேட்டு முதலில் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். எத்தனை பேர் என்ற கணக்கைப் பெயர் இல்லாமல் எழுதிக்கொண்டு வாருங்கள். துரைக்குக் கொடுக்கும் கடிதத்தில் அந்த எண்ணைத்தான் முதல் வரியில் எழுதப் போகிறோம்.