எத்தனையாவது?

ஆங்கிலத்தில் தேர்ந்த ஒருவரிடம் இந்தச் சிறு வினாவைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்: "1962-இல் பதவியேற்ற டாக்டர் ராதாகிருஷ்ணன் இந்தியாவின் எத்தனையாவது குடியரசுத் தலைவர்?" அவர் சற்றுத் திகைப்பார். 'இரண்டாவது' என்ற விடைக்கு ஆங்கிலத்தில் சொல் உண்டு. அவ்விடையை வரவழைக்கும் வினாச்சொல்தான் இல்லை. அவருக்கு முன் எத்தனை பேர் இருந்தனர் என்றோ, வரிசையில் அவருக்கு எந்த இடம் என்றோ சுற்றி வளைத்துக் கேட்க வேண்டும். தமிழில் 'எத்தனை'யோடு 'ஆவது' சேர்ந்தால் வேலை முடிந்தது.

தமிழின் பெருமை பேசுவதற்காக மட்டும் இதை நான் எழுதவில்லை. பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு, ஆங்கில வழியில் அறிவியல் பயில வந்திருக்கும் நம்மில் பலர், ஆங்கிலத்தில் வாய் திறக்கத் தயங்குகிறோம்; நமக்கு மூளை போதாது என்றும் எண்ணிக்கொள்கிறோம். இரு மொழிகளும் வெவ்வேறு வழியில் நடப்பதை அருகருகே வைத்து நமக்குக் காட்டாததே இத்தயக்கத்திற்குக் காரணம் என்பது என் கருத்து.

எதிர்கால வினாக்களைப் பாருங்கள். 'அவன் முதலாவதாக வருவானா?' 'அவனா முதலாவதாக வருவான்?' 'அவன் முதலாவதாகவா வருவான்?' ஐயம் எந்தச் சொல்லின்மேல் உள்ளதோ, அச்சொல்லின் ஈற்றில் 'ஆ' ஒட்டிக்கொள்கிறது. ஆவும் ஓவும் ஈற்றில் நின்று வினாவாகும் என்ற நன்னூல் விதி நாம் அறிந்ததே. ஆங்கிலத்திலோ 'வில் ஹீ கம் ஃபர்ஸ்ட்?' என்று 'வில்' எழுவாய்க்கு முன்னே வந்து நிற்கிறது. மூன்று ஐயங்களுக்கும் பெரும்பாலும் இந்த ஒரே அமைப்புத்தான். வேறுபாட்டைக் குரலின் அழுத்தம் காட்டும்.

'வில்' முன்னே வந்தால் கேள்வி என்று மனப்பாடம் செய்தவனுக்கு அடுத்த இடர் காத்திருக்கிறது. 'ஆன் தி தேர்ட் டே தி ரிசல்ட் வில் கம்' என்றால் மூன்றாம் நாள் முடிவு வரும். இதன் தலைப்பில் 'ஒன்லி' என்ற சொல்லைச் சேர்த்தால், 'ஒன்லி ஆன் தி தேர்ட் டே வில் தி ரிசல்ட் கம்' என வாக்கியமே இடம் மாறுகிறது. 'வில்' முன்னே வந்துவிட்டது. ஆயினும் இது கேள்வியன்று. 'மூன்றாம் நாள்தான் முடிவு வரும்' என்னும் செய்தியே. தமிழில் 'தான்' தனியே செய்யும் வேலையை, ஆங்கிலம் 'ஒன்லி'யாலும் சொற்களின் இடமாற்றத்தாலும் செய்கிறது. இப்படி ஒருமுறை சொன்னால் எந்தச் சிற்றூர் மாணவனுக்கும் விளங்கும். 'இன்வர்ஷன்' என்று பெயரை மட்டும் எழுதிப்போட்டால் விளங்காது.

ஆங்கில வகுப்பில் தமிழ் நுழைந்தால் ஆங்கிலம் வராது என்பார் உளர். பேச்சுப் பயிற்சிக்கு அது பொருந்தலாம். விதியைப் புரியவைக்கப் பொருந்தாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆங்கிலம் காதில் விழாத வீட்டிலிருந்து வருபவனுக்கு, அவன் ஏற்கெனவே அறிந்த தமிழே கைப்பிடி. அதைப் பிடுங்கிவிட்டு ஏறச் சொல்வது முறையா?

முதலாண்டு மாணவர்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரமேனும் தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் சேர்ந்து இவ்வாறு ஒப்பிட்டுப் பாடம் நடத்தலாம். இதற்குப் புதுக் கட்டடமோ கருவியோ வேண்டாம். நன்னூலும் ஓர் ஆங்கில இலக்கண நூலும் ஒரே மேசையில் விரிந்தால் போதும்.