வெட்டுவதற்கு முன் வரையுங்கள்

1974இல் ஆரம்பமான கொழும்பு டொக்யார்ட், 2019இல் கடலடிக் கேபிள் பதிக்கும் கப்பலொன்றைக் கட்டி ஜப்பானுக்குக் கொடுத்தது. கப்பலுக்கும் ஹட்டனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரும்புத் தகடுதான் சம்பந்தம்.

ஓடருக்குக் கட்டும் இரும்புப் படகு ஒவ்வொன்றும் தனி உருவம். தகட்டை ஒரு திசையில் வளைப்பது இலகு. இரு திசையில் வளைத்தால் செலவு. ஆகவே முதலில் கொம்பியூட்டரில் வரைகிறார்கள். வளைந்த பகுதியை விரித்து, தட்டைத் தகட்டில் எப்படி வெட்டுவது என்று மென்பொருள் காட்டுகிறது. ஒரு தகட்டில் எத்தனை துண்டுகள் அடங்கும் என்றும் அடுக்கித் தருகிறது.

நமது தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டும் தொட்டியைப் பாருங்கள். விசிறியின் வாய் வட்டம், தொட்டி செவ்வகம். இரண்டையும் இணைக்கும் தகட்டுக்கும் இதே கணக்குத்தான். எட்டுக்கு நான்கு அடி, 2 மில்லிமீற்றர் தகடு சுமார் 47 கிலோ. பத்துத் தகட்டில் பத்திலொரு பங்கு வீணானால், முழுத் தகடொன்று பழைய இரும்பு விலைக்குப் போகிறது. பட்டறையின் இலாபம் அங்கேதான் கரைகிறது.

ஃப்ரீகேட் போன்ற மென்பொருள்கள் இலவசம். வரையக் கற்ற தோட்டத்துப் பிள்ளையொருவரை வேலைக்கு எடுங்கள். ஆனால் பாஸை ஒதுக்கிவிடாதீர்கள். வெல்டிங் சூட்டில் தகடு எவ்வளவு இழுக்கும் என்பது அவர் கைக்குத்தான் தெரியும். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. வாடிக்கையாளர் கையெழுத்திட்ட வரைபடம் கையிலிருந்தால், "நான் சொன்னது இதுவல்ல" என்ற தகராறுக்கு இடமில்லை. வாய்ப்பேச்சில் விலை பேசும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.