ரெடிமேட் ப்ராஜெக்ட் வேண்டாம், சூரியனைப் பிடியுங்கள்

தாம்பரம், குரோம்பேட்டை பக்கத்து இறுதியாண்டு மாணவர்கள் ப்ராஜெக்ட் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. நூலக மேலாண்மை, சம்பளப் பட்டியல் என்று அரைத்த மாவுதான். அதையும் காசு கொடுத்து வாங்கினால் இன்டர்வியூவில் முதல் கேள்விக்கே விழிக்க வேண்டும்.

2023 செப்டம்பர் 2-ல் இஸ்ரோ ஏவிய ஆதித்யா-எல்1, பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கி.மீ. தொலைவில் இருந்தபடி சூரியனைக் கவனிக்கிறது. (திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி நம் செங்கோட்டைக்காரர்.) சூரியன் வெடித்துச் சீறும்போது வரும் உயர் ஆற்றல் எக்ஸ் கதிர்களை அதன் ஹெலியோஸ் கருவி பதிவு செய்கிறது. அக்கதிர்கள் எட்டே நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும். மீனம்பாக்கத்திலிருந்து கடல் கடக்கும் விமானங்களின் சிற்றலை ரேடியோ தொடர்பையே கெடுக்கக்கூடியவை.

இந்த டேட்டாவை இஸ்ரோவின் 'பிரதான்' தளத்தில் பெயர் பதிந்து இலவசமாக டவுன்லோட் செய்யலாம். ஃபைல்கள் ஃபிட்ஸ் வடிவில் இருக்கும், எக்செல்லில் திறக்காது. பைத்தானும் ஆஸ்ட்ரோபையும் போதும், இரண்டும் இலவசம். கிராஃப் போட்டால் வெடிப்பு சட்டென்று ஏறி மெல்ல இறங்கும். அதைத் தானாகக் கண்டுபிடிக்கும் புரோகிராம்தான் உங்கள் ப்ராஜெக்ட். விண்வெளி ஆழத்தில் நிகழும் காமா வெடிப்புகள் வேண்டுமா? 2015-ல் சென்ற அஸ்ட்ரோசாட் 500-க்கும் மேல் பிடித்திருக்கிறது.

'இது பிசிக்ஸ் ஆச்சே' என்று துறைத் தலைவர்கள் தட்டிக் கழிக்கக் கூடாது. லட்சக்கணக்கான எண்களில் ஒரு மேட்டைத் தேடுவது கம்ப்யூட்டர் வேலைதானே?